மாதாவின் காலடியில் வைத்த அட்டை

வங்கியில் எனக்குக் கடனட்டையைத் தந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைக் கதிரையில் இருத்தி, செய்யவேண்டியது எது, செய்யக்கூடாதது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். முப்பத்தோரு வருடம் மன்னார்க் கச்சேரியில், அந்த அரசாங்க அலுவலகத்தில், லிகிதராக இருந்தவன் நான். சுற்றுநிருபங்களை வாசித்து மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவதே என் பிழைப்பு. ஒரு சின்னப் பிள்ளை எனக்கு விதி சொல்லித் தருவது முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அவள் ஒழுங்காகச் சொன்னாள். ஒழுங்காகச் சொன்னால் நான் யாரிடமும் கேட்பேன்.

"இரகசிய இலக்கத்தை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அங்கிள், எழுதியும் வைக்காதேங்கோ. கடையில குடுத்தா உங்கட கண்ணுக்கு முன்னால மெஷினில போடச் சொல்லுங்கோ. போற திகதியைச் சொன்னா வெளிநாட்டுப் பாவனையை நாங்கள் திறந்து விடுவம். ஒவ்வொருக்கா காசு போகேக்கையும் உங்கட போனுக்கு மெசேஜ் வரும். நீங்கள் செய்யாத செலவு எண்டா, எவ்வளவு சின்னனெண்டாலும், உடனே எங்களுக்குக் கோல் எடுக்கோணும்."

பிறகு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கத்தில் நீல நிறமும் வங்கியின் சின்னமும் மட்டுமே இருந்தன. என் பெயர், பதினாறு இலக்கங்கள், முடிவுத் திகதி, கடைசி மூன்று இலக்கம் எல்லாமே பின்பக்கத்தில் இருந்தன. இது புதுமாதிரி, வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்த்து இலக்கத்தை எடுக்க முடியாது என்றாள். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஆடம்பரத்துக்காக எடுத்த அட்டை அல்ல அது. என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்து, கவனிக்காமல் விட்ட ஒரு காய்ச்சலின் வேலை என்று மன்னார் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கொழும்பில் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். முறை வருவதற்கிடையில், கிணற்றடியிலிருந்து குசினிக்கு வருகிற வழியில் அவள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவருமாக இருந்து பேசி, தமிழ்நாட்டுக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்வதென்று தீர்மானித்தோம். என் சேமிப்பை வங்கி பிணையாக வைத்துக்கொண்டு அட்டையைத் தந்தது. அவ்வளவு காசையும் மடியில் கட்டிக்கொண்டு கடல் தாண்டச் சட்டமும் விடாது, எனக்குத் தைரியமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வங்கிப் பெண் சொன்னவற்றை ஒரு தாளில் இலக்கமிட்டு எழுதினேன். ஏழு விதிகள் வந்தன. மனைவியை முன்னால் வைத்து உரத்து வாசித்தேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பயந்து பயந்து வச்சிருக்கிற ஒரு சாமானை ஏன் வாங்கினீங்கள்?" என்றாள்.

"பயம் இல்லை. ஒழுங்கு."

"கலியாணம் கட்டின நாளில இருந்து இதைத்தான் சொல்லுறீங்கள்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சுத் திணறலாக மாறியது. உரித்த இறாலைச் சட்டியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் ஏழாவது விதியை வாசிக்காமல் விட்டேன்.

அவள் அரிப்பு என்ற கடற்கரை ஊரில், கடற்றொழில் செய்யும் வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டில் புது வலையோ புது எஞ்சினோ மந்திரிக்காமல் கடலில் இறங்காது. பங்குக் குருவான சுவாமி வந்து செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கவேண்டும். அதுவரை அந்தப் பொருளைத் தொழிலுக்கு எடுக்க மாட்டார்கள். என்னைக் கட்டிக்கொண்டு மன்னார் டவுனுக்கு வந்த பிறகு அவள் வீட்டில் வலையும் இல்லை, எஞ்சினும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. தையல் மெஷின், கேத்தல், என் முதல் மூக்குக்கண்ணாடி எல்லாம் கோயிலில் மாதாவின் சுரூபச் சிலையடிக்குப் போய்வந்த பிறகுதான் பாவனைக்கு வந்தன. மேலே தொங்கும் மின்விசிறி வாங்கியபோது, முழுதாகத் தூக்க முடியாதென்று அதன் இறக்கை ஒன்றை மட்டும் கொண்டுபோனாள். மற்ற இரண்டு இறக்கையும் இந்து சமயமோ என்று வேலை செய்த கந்தோரில் என்னைக் கனகாலம் பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் கோயில் வாசலில் நின்று ஓய்வூதியக் கதை பேசிக்கொண்டிருந்தேன். என் சைக்கிளோடு முதுகைத் தேய்த்த தெருக்கழுதை ஒன்றை ஒரு கையால் தள்ளிக்கொண்டிருந்தபோது மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"பாஸ்போட்டும் டிக்கட்டும் ஆஸ்பத்திரிக் கடிதமும் மாதாட்ட வச்சிட்டன். அந்தக் கார்டையும் தாங்கோ. ரெண்டு நிமிசம்."

என் ஏழு விதிகளில் மாதாவிடம் கொடுக்கக்கூடாது என்று ஒன்று இருக்கவில்லை. சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சொன்னபடி கொண்டுவந்து தந்தாள். அதில் தீர்த்தத் துளி ஒன்று இருந்தது. துடைத்துவிட்டு உள்ளே வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சென்னையில் இறங்கினோம். விமான நிலையத்தில் ஓர் இந்தியச் சிம் வாங்கினேன். என் போனில் ஒரு சிம்முக்குத்தான் இடம் உண்டு. இலங்கைச் சிம்மைக் கழற்றி, கடதாசியில் சுற்றி, மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அந்தச் சிம்மை வெளிநாட்டில் வேலைசெய்ய வைப்பதற்குக் கேட்ட கட்டணம் எனக்கு அநியாயமாகப் பட்டிருந்தது. ஊரில் யாருக்காவது அவசரமென்றால் மனைவியின் போனுக்கு வட்ஸ்அப்பில் எடுக்கட்டும் என்று நினைத்தேன்.

அங்கிருந்து நான்கு மணித்தியாலப் பயணம். ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு லொட்ஜில் அறை எடுத்தோம். மறுநாளே அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய் காலை சத்திரசிகிச்சை, திங்கள் மத்தியானத்துக்குள் முற்பணம் கட்டவேண்டும் என்று எழுதித் தந்தார்கள். இடையில் சோதனைகள், மருந்துகள். எல்லாவற்றுக்கும் அந்த அட்டைதான். ஒவ்வொரு முறையும் விதிகளின்படி நடந்தேன். இலக்கத்தை அழுத்தும்போது இடது கையால் மறைத்தேன். லொட்ஜ்காரர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னபோது மறுத்தேன். ஒரேயொரு முறை, ஆஸ்பத்திரி வாசலிலிருந்த மருந்துக் கடையில், மெஷினுக்கு வெளியே சிக்னல் இல்லையென்று கடைக்காரர் அட்டையை உள்ளே கொண்டுபோய்விட்டார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிபோலக் காசு கட்டும் இடத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அட்டையை மெஷினில் வைத்தாள். பிறகு இன்னொரு முறை வைத்தாள்.

"சார், போகமாட்டேங்குது. வேற கார்டு இருக்கா?"

இல்லை என்றேன். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் நெருக்கத் தொடங்கினார்கள். "மத்தியானத்துக்குள்ள கட்டிடுங்க சார், இல்லேன்னா நாளைக்கு லிஸ்ட்டுல பேரு இருக்காது" என்று அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். யுத்த காலத்தில் ஷெல் விழுந்தபோதும் கச்சேரிக் கோப்புகளை அடுக்கி வைத்துவிட்டு வெளியேறியவன் நான். அன்று ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இந்தியச் சிம்மிலிருந்து வங்கிக்கு எடுத்தேன். என் பிறந்த திகதி, தாயின் பெயர் எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பையன் சொன்னான்:

"உங்கட கார்டில இருந்த தொகை முடிஞ்சுது ஐயா. சனியும் ஞாயிறும் ஒன்லைனில சாமான் வாங்கியிருக்கு. பெரிய பெரிய தொகை, மூண்டு தரம். பிறகு நாங்கள் கார்டை நிப்பாட்டியிருக்கிறம். உங்களுக்கு மெசேஜ் வந்திருக்குமே?"

"எனக்கு ஒண்டும் வரேல்லை" என்றேன்.

அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை என்று இன்று சொன்னால் அது பாதி உண்மைதான். மூக்குக்கண்ணாடிப் பெட்டி என் சேட்டுப் பையில்தான் இருந்தது. மனதின் ஒரு மூலையில் ஏதோ தட்டியது. அதைத் திரும்பிப் பார்க்க நான் விரும்பவில்லை. எனக்கு உடனடியாக ஒரு கள்ளன் தேவைப்பட்டான். நேரே மருந்துக் கடைக்கு நடந்தேன்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன், என் அட்டையை உள்ளே கொண்டுபோய் என்ன செய்தீர் என்று. என் வாயில் வந்த மற்றச் சொற்களை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் நான் பேசுவதே அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சிவந்தது. கோபிக்கவில்லை. மேசைக்குக் கீழிருந்து அந்த நாளின் துண்டுச்சீட்டுகளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"சார், இருபது வருஷமா இந்த வாசல்ல உக்காந்திருக்கேன். உடம்பு முடியாதவங்க பணத்துல கை வெச்சா எனக்குச் சோறு இறங்குமா? நீங்களே பாருங்க."

ஒரேயொரு துண்டு. என் மருந்துக்குரிய தொகை. நான் பார்த்துவிட்டு, மெஷினில் வேறு ஏதாவது செய்திருப்பீர் என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். பின்னால் யாரோ "சிலோன்காரர் போலிருக்கு, பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது.

வார்டுக்குப் போனபோது மனைவி தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து இருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்கு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டாள். சொன்னேன், யாரோ அட்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று. அவள் பதறவில்லை. தன் போனை எடுத்தாள்.

"யோசிக்காதேங்கோ. ஏதோ ஒரு வழி வரும். பாருங்கோ, எத்தினை பேர் எங்களுக்காகச் செபிக்கினம் எண்டு."

எங்கள் கோயில் செபக்குழுவின் வட்ஸ்அப் அது. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். மன்னாரில் இருப்பவர்கள், இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள், அவர்கள் சேர்த்துவிட்டவர்கள். கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. என்னை ஆறுதல்படுத்துவதற்காக அவள் விரலால் மேலே மேலே தள்ளி, எல்லாவற்றுக்கும் தொடக்கமான செய்தியைக் காட்டினாள். பயணத்துக்கு முந்தின ஞாயிறு, குழுவை நடத்தும் சகோதரி போட்ட படம். மாதாவின் சுரூபம். அதன் காலடியில் செபமாலை, இரண்டு பாஸ்போட், டிக்கட், ஆஸ்பத்திரிக் கடிதம். நடுவில் என் அட்டை. பின்பக்கம் மேலே தெரிய வைத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பதினாறு இலக்கமும், திகதியும், அந்த மூன்று இலக்கமும் அச்சடித்த மாதிரித் தெளிவாக இருந்தன.

"இதை ஏன் திருப்பி வச்சனீர்?"

"மற்றப் பக்கத்தில ஒண்டும் இல்லையே. மாதாவுக்கு உங்கட பேர் தெரியட்டும் எண்டு அப்பிடி வச்சனான்."

"அந்தச் சகோதரி படம் ஏன் எடுத்தவ?"

"எல்லாரும் பாத்துச் செபிக்கத்தான். கனடாக் குழுவுக்கும் பிரான்ஸ் குழுவுக்கும் அனுப்பினவ."

நான் என் மனைவியை "நீர்" என்றுதான் பேசுவேன். அன்று அது போய்விட்டது.

"உன்ர விசுவாசம் எங்களை நடுத்தெருவில கொண்டந்து விட்டிட்டுது. நாளைக்கு உனக்கு ஒப்பரேசன் இல்லை. கள்ளனை நீயே வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கிறாய். ஏழு விதி வாசிச்சுக் காட்டினன். உனக்கு மூளை இருக்குதா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. அவள் வாயை அடைத்துவிட்டேன் என்பதில் அந்த நிமிடம் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் கடந்தது. செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் இருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். அரிப்பிலிருக்கும் அவளுடைய அண்ணனுக்கு அறிவித்தேன். பாரிசில் இருக்கும் அண்ணனின் மகள் ஆஸ்பத்திரிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினாள். அது வந்து சேர வெள்ளிக்கிழமையானது. அடுத்த திங்கட்கிழமைக்குத்தான் மறுபடி இடம் கிடைத்தது. ஆக, ஆறு நாள் பிந்தியது.

அந்த ஆறு நாளும் எனக்கு இன்னும் நெஞ்சில் கிடக்கின்றன. மூன்றாம் நாள் அவள் கால்கள் வீங்கின. நான்காம் நாள் பின்னேரம், நான் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தபோது அவளுடைய உதடு நீலமாக இருந்தது, தாதிமார் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். டாக்டர் வந்து, இனியும் பிந்தினால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் செத்துப்போவாள் என்று நினைத்தேன். செத்தால் கள்ளனையும் அந்தச் செபக்குழுவையும் சபிப்பேன் என்று நினைத்தேன். அவள் தன்னை என்ன நினைத்துக்கொண்டு கிடக்கிறாள் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை உள்ளே கொண்டுபோவதற்கு முன் என்னைக் கூப்பிட்டாள்.

"அந்த மருந்துக் கடைக்காரரிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்கோ. அவர் ஒண்டும் செய்யேல்லையே."

அது மட்டும்தான் கேட்டாள். கட்டில் கதவுக்குள் போனதும் நான் போனேன். கடைக்காரர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இப்போதுதான் உள்ளே கொண்டுபோனார்கள் என்றேன். அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார். சத்திரசிகிச்சை முடியும்வரை அநேகமான நேரம் அந்தக் கதிரையில்தான் இருந்தேன்.

அவள் பிழைத்தாள். இருபது நாளில் ஊருக்கு வந்துவிட்டோம். நெஞ்சின் நடுவில் நீளமாக ஒரு தழும்பு. கிணற்றடியிலிருந்து குசினிக்கு நிற்காமல் நடந்து வந்தாள். பார்க்க வந்தவர்கள் பழங்களோடு வந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். அவள் தலையசைத்தாள்.

அட்டைக் கதையையும் வந்தவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன். நல்ல கதைசொல்லி என்று கச்சேரியில் எனக்குப் பெயர். மின்விசிறி இறக்கையில் தொடங்கி, மாதாவுக்குப் பெயர் தெரிய அட்டையைத் திருப்பி வைத்ததில் கொண்டுபோய் முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் அங்கேதான் இருப்பாள், தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு. வங்கி வரிசையிலும் மீன் சந்தையிலும்கூடச் சொன்னேன். வெளிநாடு போகிற ஆட்கள் என்னிடம் புத்தி கேட்டு வரத் தொடங்கினார்கள். அட்டையைப் படம் எடுக்க விடாதேங்கோ, குறிப்பாக வீட்டுப் பெண்டுகளை நம்பாதேங்கோ என்று அனுப்பி வைப்பேன்.

இதற்கிடையில் வீட்டில் சில விஷயங்கள் மாறியிருந்தன. செபக்குழுவிலிருந்து அவள் விலகியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவாள், பின்வரிசை வாங்கில் இருப்பாள், முடிந்ததும் எழும்பிவிடுவாள். மார்கழியில் ஒரு மிக்ஸி வாங்கினோம். பெட்டியைப் பிரித்து, கழுவி, அன்றைக்கே தேங்காய் அரைத்தாள். இப்போதாவது புத்தி வந்ததே என்றுதான் நான் நினைத்தேன்.

மாசி மாதம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இழந்த காசைத் திருப்பித் தரும்படி நான் கொடுத்த முறைப்பாட்டுக்குப் பதில். கோப்பு வேலை செய்தவன் என்பதால் அதன் ஒழுங்கை நான் மெச்சியிருப்பேன், அது எனக்கு வந்திராவிட்டால். திகதி, நேரம், தொகை, என் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிய நேரம் என்று நிரல்நிரலாகப் போட்டிருந்தார்கள். மூன்று செலவு என்றுதான் நான் அறிந்திருந்தேன். கடிதத்தில் நான்கு இருந்தன. முதலாவது புதன்கிழமை, நாங்கள் போய் இறங்கிய மறுநாள். ஒரு தேத்தண்ணீர்க் காசுக்குக்கூடப் போதாத தொகை. அதற்கும் செய்தி அனுப்பியிருந்தார்கள். பதில் கிடைக்கவில்லை என்று எதிரே எழுதியிருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். அதே பெண்.

"கள்ளர் முதல்ல அப்பிடித்தான் அங்கிள், சின்னத் தொகை ஒண்டு எடுத்துப் பாப்பினம். உரியவர் பேசாமல் இருந்தாத்தான் பிறகு பெரிசாக் கை வைப்பினம். புதனே எங்களுக்கு எடுத்திருந்தா உங்கட காசு ஒரு சதமும் போயிருக்காது. வேற ஒழுங்கும் செய்து தந்திருப்பம்."

புதனிலிருந்து சனி வரை. மூன்று முழு நாட்கள். அந்த மூன்று நாளும் சிம் என் சேட்டுப் பைக்குள் கடதாசியில் சுற்றிக் கிடந்தது. அவள் படத்துக்கு வைத்தது உண்மை. ஆனால் செவ்வாய்க்கிழமைச் சத்திரசிகிச்சை நின்றது என்னால். ஆறு நாள் அவளை மூச்சுக்குத் தவிக்க விட்டது என்னுடைய கஞ்சத்தனம்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கடிதத்தை அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்துக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். அடுத்த கிழமையும் யாரோ கேட்டபோது மின்விசிறி இறக்கையிலிருந்து தொடங்கினேன். முன்பைவிட நன்றாகச் சொன்னேன் என்றுகூட நினைக்கிறேன்.

வைகாசியில் அவளுடைய அண்ணன் அரிப்பில் புதுப் படகு இறக்கினார். நாங்கள் போனோம். கரையில் சுவாமி வந்து நின்றார், ஊர்ச் சனம் நின்றது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகின் முன்தலையில் முதல் மெழுகுதிரியைக் கொளுத்தி வைப்பது அந்த வீட்டின் பெண் சகோதரம். முந்தின இரண்டு படகுக்கும் அவள்தான் கொளுத்தினாள். அண்ணன் மெழுகுதிரியை நீட்டினார்.

"வா தங்கச்சி."

அவள் பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் அண்ணா. அண்ணியை வைக்கச் சொல்லுங்கோ. என்ர கை பட்டது விளங்காது."

"என்ன விசர்க் கதை இது?"

"ஓம் அண்ணா. கடலுக்குப் போற சாமான். என்னை விடுங்கோ."

சுவாமி குனிந்து நிலத்தைப் பார்த்தார். அந்தக் கரையில் பாதிப் பேருக்கு அட்டைக் கதை தெரியும். யாரும் சிரிக்கவில்லை. அண்ணி மெழுகுதிரியை வாங்கிக் கொளுத்தினார். என் மனைவி தன் வீட்டுப் படகுக்குப் பக்கத்தில், அந்நியப் பெண்ணொருத்தி நிற்பதைப்போல, கையிரண்டையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் எதைத் திருடியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. கள்ளன் காசை மட்டும்தான் எடுத்தான்.

பஸ்ஸில் திரும்பினோம். வீட்டுக்குள் வந்ததும், சேட்டைக்கூடக் கழற்றாமல், அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நிரல்களுக்கு அர்த்தம் சொன்னேன். சிம் எங்கே கிடந்தது என்று சொன்னேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, நான்கு வரிகளையும் ஆற அமர வாசித்தாள்.

"இது எப்ப வந்தது?"

"மாசியில."

"இப்ப வைகாசி."

"ஓம்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்கு நல்லது என்றும் நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நெஞ்சை வெட்டக் கொண்டு போகேக்கை என்ன செபிச்சனான் தெரியுமே? நான் செத்துப்போனா அது என்ர பிழையாலதான், இந்த மனுசனை ஒருத்தரும் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, மாதாவே, எண்டு. அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணை மூடினனான்."

கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். பிறகு எழுந்து, விளக்கைப் போட்டு, இரவுச் சமையலுக்கு அரிசி களையப் போனாள். நான் கடிதத்தோடு அங்கேயே இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அவளுக்கு முன்னால் சொல்வதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இருக்கவில்லை.